ஃப்ரோஸன் பரோட்டாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

சமையலறைக்கு ரிட்டயர்மென்ட் வயது கிடையாது. நாமெல்லாம் 58-லோ 60-லோ மாலை மரியாதையோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்கார அம்மா மட்டும் இன்னும் அதே டியூட்டியில் இருக்கிறார். வாரத்தில் ஏழு நாள், நாளைக்கு மூன்று வேளை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேலை இன்னும் கூடுகிறது. "லீவு நாள்தானே, ஏதாவது ஸ்பெஷலா செய்யேன்" என்று வேறு கேட்கிறோம்.

ஃப்ரோஸன் பரோட்டா நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் முன் அது யாருடைய வேலையைக் குறைக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சென்ற மாதம் என் மனைவிக்கு விரல் மூட்டுகளில் வலி. கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் ஐந்து பரோட்டா கொண்ட பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் காலை, "இன்னைக்கு டிபன் என் பொறுப்பு, நீ உட்கார்" என்றேன்.

"ஏங்க, தோசைக்கல்லு எங்க இருக்குன்னாவது தெரியுமா?" என்றார். தெரியும். கண்டுபிடித்துவிட்டேன்.

செய்முறை ஒன்றும் பிரமாதமில்லை. பரோட்டாவை முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்கக் கூடாது. இளகிவிட்டால் பிசுபிசுத்துப் பிய்ந்து போகும். ஒவ்வொரு பரோட்டாவுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், அதை மறக்காமல் உரித்துவிட வேண்டும். மிதமான தீயில், எண்ணெய் விடாமல், இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுப் பொன்னிறமாகும் வரை சுட்டால் போதும். எடுத்ததும் சூட்டோடு இரண்டு பக்கமிருந்தும் சேர்த்துத் தட்டினால் இதழ் இதழாகப் பிரிந்துவிடும். தொட்டுக்கொள்ள முதல் நாள் வைத்த கொண்டைக்கடலைக் குருமா இருந்தது.

ருசி? நம் ஊர்ப் பரோட்டா மாஸ்டர் வீசி அடித்துப் போடும் பரோட்டாவுக்கும் சால்னாவுக்கும் இது ஈடாகாது. பத்துக்கு ஆறு மார்க் கொடுக்கலாம். ஆனால் என் மனைவி உட்கார்ந்த இடத்தில் சூடாகச் சாப்பிட்டார். "கல்லுல இருந்து நேரா என் தட்டுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு" என்றார். அதற்கு நான் மார்க் போட முடியாது.

இதை நண்பர்களிடம் சொன்னால் உடனே ஆட்சேபணைகள் வரும். முதலாவது, "கைப்பக்குவம் போய்விடும்." இதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் கரண்டி பிடிக்காதவர்கள். 1950-களில் கோயம்புத்தூரில் உருவான வெட் கிரைண்டர் வீடுகளுக்குள் வந்தபோதும் ஆட்டுக்கல் ருசி வராது என்றுதான் சொன்னார்கள். இன்று ஆட்டுக்கல் எத்தனை வீட்டில் சுழல்கிறது? இட்லியை யாரும் விட்டுவிடவில்லை.

இரண்டாவது, "எல்லாம் கெமிக்கல்." குளிர்தான் இங்கே முக்கியமான பாதுகாப்பு. மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் சாவதில்லை, ஆனால் பெருகவும் முடியாது. அதனால்தான் அந்தக் குளிர் நடுவில் விட்டுப்போகக் கூடாது. பாக்கெட்டுக்குள் பனி கட்டிகட்டியாக இருந்தாலும், பரோட்டாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருமாறி இருந்தாலும் வாங்காதீர்கள். எங்கோ இளகி மறுபடி உறைந்த சரக்காக இருக்கும். வீட்டில் நீண்ட நேரம் கரண்ட் போய்ப் பரோட்டா இளகிவிட்டால், திரும்பவும் உறைய வைக்காமல் அப்போதே சுட்டுவிடுங்கள். சூடேறி வெகுநேரம் கிடந்திருந்தால் தூக்கி எறியுங்கள்.

மூன்றாவது ஆட்சேபணை உடம்பைப் பற்றியது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மைதா, கொழுப்பு, உப்பு மூன்றும் நம் வயதுக்கு ஆகாதவை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் எவ்வளவு என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோதுமைப் பரோட்டா என்று முகப்பில் போட்டிருந்தாலும் உள்ளே மைதா கலந்திருக்கிறதா என்று சேர்மானப் பட்டியலில் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, கூட முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறைதான் என்று முடிவு செய்திருக்கிறோம்.

விலையிலும் ஒரு சமாதானம் உண்டு. ரொட்டி வேறு, பரோட்டா வேறு, ஆகவே பரோட்டாவுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 2020-ல் கர்நாடகத்தில் ஒரு தீர்ப்பு வந்து ஊரே சிரித்தது ஞாபகம் இருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி அடியோடு போய்விட்டது.

இதெல்லாம் மேலோட்டமான கணக்கு. உண்மையான கணக்கு ஒன்று இருக்கிறது, நம் வயதில் அதைப் பேசத் தயங்குகிறோம். கணவன் மனைவி இருவரில் யாரோ ஒருவர்தான் முன்னால் போகப் போகிறோம். மனைவியை இழந்த என் நண்பர் ஒருவருக்குப் பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, ஆனால் காலையில் ஒரு வாய் சூடாகச் சாப்பிட மெஸ் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். மழை நாளில் பிஸ்கட்தான். பிள்ளைகள் வெளியூரில். அவருக்குப் பணத்தால் ஒரு குறையும் இல்லை. அடுப்பும் கல்லும் பழகவில்லை, அவ்வளவுதான்.

அதனால் நம்மைப் போன்ற ஆண்களுக்கு இந்தப் பரோட்டாவை ஒரு அரிச்சுவடியாகச் சிபாரிசு செய்கிறேன். அ, ஆ போல இதில் ஆரம்பித்தால், அடுத்த மாதம் உப்புமா, அதற்கடுத்த மாதம் ஒரு ரசம் என்று மேலே போகலாம். கற்றுக்கொடுக்க ஆள் பக்கத்தில் இருக்கும்போதே கற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பாக்கெட் வாங்கினால் சுடுகிற வேலையையும் நீங்களே செய்யுங்கள். அதையும் மனைவி கையில் கொடுத்தால், அவருக்கு அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.