இருட்காலத்தில் சைக்கிள் பிரயாணம்

(ஒரு விவசாயச் செயல்விளக்க உத்தியோகஸ்தர் எழுதுவது)

ஐப்பசி பிறந்ததும் நம் குடியானவர்கள் மழையைப் பற்றி யோசிக்கிறார்கள். வடிகாலைப் பற்றி யோசிக்கிறார்கள். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தலைகாட்டுகின்றனவா என்று பயிரை விலக்கி விலக்கிப் பார்க்கிறார்கள். பகற்பொழுது குறுகிவருவதைப் பற்றி மாத்திரம் எவரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. சைக்கிளில் வயலுக்குச் செல்பவர் இக்காலத்தில் போகும்போதோ திரும்பும்போதோ இருட்டில்தான் செல்லவேண்டியிருக்கிறது. அவருடைய சைக்கிளில் பெரும்பாலும் விளக்குக் கிடையாது. மண்வெட்டியும் தெளிப்பானும் எவ்வாறு சாகுபடிக் கருவிகளோ, அவ்வாறே சைக்கிள் விளக்கும் ஒரு சாகுபடிக் கருவி என்பதும், அதை வாங்கித் தரும் பொறுப்பு நிலமுடையோரைச் சார்ந்தது என்பதும் என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

பொழுது குறுகும் விதம்

நம் நாட்டில் பகல் நீளுவதும் குறுகுவதும் அற்பமென்று பலர் எண்ணுகிறார்கள். தஞ்சைப் பகுதியில் ஆனி மாதத்தில் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிஷம். மார்கழியில் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 11 மணி 30 நிமிஷம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரமே. குளிர்நாடுகளோடு ஒப்பிட்டால் இது சொற்பந்தான். ஆனால் அந்நாடுகளில் சூரியன் மறைந்த பின்னும் வெகுநேரம் அந்திவெளிச்சம் நிற்கும். இங்கோ இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்குள் இருட்டிவிடுகிறது. மழைமேகம் மூடியிருந்தால் அதுவும் இல்லை.

இதில் மற்றொரு விசேஷமும் உண்டு. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22 தேதிகளில் வருகிறது என்றாலும், சூரியன் மிக முந்தி மறைவது அந்நாளில் அன்று. நவம்பர் பிற்பகுதியில், அதாவது கார்த்திகையின் தொடக்கத்தில், தஞ்சையில் மாலை சுமார் 5-45க்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆனியில் 6-35 வரை வெளிச்சத்தில் வேலைசெய்து பழகியவருக்கு ஐம்பது நிமிஷம் பறிபோகிறது. அவ்வாறே சூரியன் மிகப் பிந்தி உதிப்பது மார்கழியில் அன்று, தை மாதத்தில். அப்போது உதயம் காலை சுமார் 6-40. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாயில்லாமையாலும், அதன் அச்சுச் சாய்ந்திருப்பதாலும், சூரியனுடைய உச்சிவேளை கடிகாரத்தின் உச்சிவேளையோடு ஒத்துப்போவதில்லை. அதனால் நேரும் மாறுபாடு இது.

குடியானவருக்கு இதன் பொருள் தெளிவு. கார்த்திகையில் மாலையே அபாயம்; தையில் காலையே அபாயம். கார்த்திகையில் சம்பாவுக்கு முறைநீர் கட்டவும், பெருமழை பெய்தால் மடைதிறந்து வடிக்கவும் ஆட்கள் பொழுது சாய்ந்தும் போகவேண்டியிருக்கிறது. தையில் அறுப்புக்கும், நெல்லைக் காவல்காத்த கொள்முதல் நிலையத்திலிருந்து திரும்பவும், பால் சொஸைட்டிக்கும் பனிமூட்டத்தில் விடியுமுன்னே புறப்படவேண்டியிருக்கிறது. வேலைநேரம் சூரியனைப் பார்த்து மாறுவதில்லை. ஆகவே வேலைக்காரர் தம் வெளிச்சத்தைத் தாமே கொண்டுபோகவேண்டும்.

நான் கண்டது

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாலை, ஒரு கிராமத்தில் இலை வண்ண அட்டையைக் கொண்டு தழைச்சத்து இடும் முறையைச் செய்து காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி ஆறேகால். தூறல் விட்டிருந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் என் கண் கூசிற்று. அது கடந்த மறுகணம் எனக்கு முன்னால் ஒரு மண்வெட்டியின் அலகு மின்னியது. கருப்புச் சால்வை போர்த்து, மண்வெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் மிதித்துச் சென்றுகொண்டிருந்தார். நான் வண்டியை ஒடித்தும் கைப்பிடி அவர் தோளில் இடித்துவிட்டது. தேய்ந்து பளபளத்த அந்த அலகு மாத்திரம் மின்னாதிருந்தால் நேரே அவர்மீதே மோதியிருப்பேன்.

அவருக்குக் காறையெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் நான் பக்கத்தில் நின்றபோது, "முப்பது வருஷமாய்ப் போகிற பாதைதானே, ஐயா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பாதை அவருக்குத் தெரியும். அவர் அப்பாதையிற் செல்வது எனக்குத் தெரியவில்லை. விபத்து முழுவதும் அவ்வளவே. கண் கூசியபோதே வேகத்தைத் தணிக்காதது என் குற்றம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று பிற்பகல் முழுவதும் அவ்வூரில் பயிரின் நிறத்தைப் பற்றிப் பேசிய நான், பயிருக்கு நீர்பாய்ச்சும் மனிதர் இருட்டில் எவ்வாறு வந்துபோகிறார் என்று கேட்கவில்லையே என்பது இன்னமும் என்னை உறுத்துகிறது. இரண்டு மாதம் அவரால் மண்வெட்டி பிடிக்க இயலவில்லை. கதிர் வரும் தறுவாயில் நிலக்காரர் வேறு ஆள் தேடினார். வந்த ஆளுக்கு மடையும் தெரியவில்லை, மட்டமும் தெரியவில்லை.

விளக்கு யாருக்காக?

சைக்கிள் விளக்கு பாதையைப் பார்ப்பதற்காக என்று நாம் எண்ணுகிறோம். ஆகவே பாதை தெரிந்தவர் விளக்கு வேண்டாமென்கிறார். நிலவு காய்ந்தால் வேண்டாமென்கிறார். உண்மையில் விளக்கின் முதல் உபயோகம், நம்மைப் பிறர் பார்ப்பதே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, காலைத் தடையில் வைப்பதற்குள் ஒரு வினாடிக்கு மேலாகிறது. அதன்பின் ஈரச்சாலையில் வண்டி நிற்க மேலும் முப்பது மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். இருண்ட துணி உடுத்தியவர் தாழ்த்திய முன்விளக்கில் அவ்வளவு தூரத்துக்கு முன்பே தெரிவதில்லை. சிவப்பு விளக்கோ நூறு மீட்டருக்கு அப்பாலும் தெரியும். ஆகையால் முன்விளக்கும் பின்விளக்கும் வேண்டும்; இரண்டிலொன்றே கையிலிருந்தால் சாலையிற் செல்பவருக்குப் பின்விளக்கே முக்கியம். முன்னால் வருபவரை நாம் பார்த்து ஒதுங்கலாம். முதுகுக்குக் கண் இல்லை.

எவ்வித விளக்கு?

நம் முன்னோர் எண்ணெய் விளக்கையும், கார்பைடு கல்லின்மீது நீர் சொட்டவிட்டு எரிக்கும் வாயு விளக்கையும் சைக்கிளில் வைத்திருந்தனர். பின்னர் டைனமோ வந்தது. அதற்கு மின்கலம் வேண்டியதில்லை; சக்கரம் சுழலும்வரை எரியும். ஆயினும் சக்கரம் நின்றால் பெரும்பாலானவை அணைந்துவிடும். டயரின் விலாவில் சேறு படிந்தால் உருளை வழுக்கி வெளிச்சம் மங்கும். ஆகையால் மழைக்காலத்தில் புறப்படுமுன் டயரைத் துடைக்கவேண்டும். இக்காலத்தில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. சிறு மின்கலத்தில் வெகுநேரம் எரிகின்றன. செல்பேசிக்குப் போலவே மின்னேற்றிக்கொள்ளத்தக்கவையும் உண்டு. சிறிய பின்விளக்கு ஒன்று யூரியா மூட்டை ஒன்றின் விலைக்குள் கிடைக்கிறது.

ரிப்ளெக்டர் என்னும் பிரதிபலிப்பு வில்லைகள் அதனினும் மலிவு. சைக்கிளுக்குரிய இவ்வில்லைகள் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டிருக்கவேண்டுமென்று இந்திய அரசாங்கம் 2020-ம் வருஷம் ஆணை பிறப்பித்தது. பின்னால் சிவப்பும் முன்னால் வெள்ளையும் அமையவேண்டும். மிதிகட்டையில் உள்ள வில்லை மேலும் கீழும் அசைவதால், முன்னே செல்வது சைக்கிளென்று ஓட்டுநர் சீக்கிரத்தில் அறிகிறார். ஆனால் வில்லைக்குச் சொந்த வெளிச்சமில்லை. பின்னால் வரும் வண்டிக்கு முன்விளக்கு இல்லாவிட்டால் அதனாற் பயனில்லை. சேறு மூடினாலும் பயனில்லை. ஆகவே அதை விளக்குக்குத் துணையாகக் கொள்ளவேண்டுமேயன்றி விளக்குக்குப் பதிலாகக் கொள்ளலாகாது. டார்ச் விளக்கை ஒரு கையிற் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டுவது மிகவும் பிசகு. மழையில் நனைந்த தடைக்கட்டைகள் இரண்டையும் சேர்த்து அழுத்தினாலே சக்கரம் மெதுவாகத்தான் நிற்கிறது.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

விளக்கைத் திருடிவிடுகிறார்கள் என்பர் சிலர். கழற்றி மடியில் வைத்துக்கொள்ளத்தக்க விளக்குகள் உண்டு. லாரிக்காரர் அல்லவா மெதுவாக ஓட்டவேண்டும் என்பர் வேறு சிலர். நியாயமே, அவருக்கும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் திருந்தும்வரை நம் ஆட்கள் இருட்டில் காத்திருக்க இயலாது. யாரும் பிடிப்பதில்லையே என்பது மூன்றாவது ஆட்சேபம். முன்னாளில் விளக்கில்லாச் சைக்கிளைக் காவலர் நிறுத்தியதையும், காவலரைக் கண்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதையும் நம் பெரியோர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. இன்று அந்தக் கண்டிப்புத் தளர்ந்திருக்கலாம். ஆனால் அபாயம் தளரவில்லை. அக்காலத்தைவிட இன்று சாலை அகலம், வண்டிகளும் அதிகம், வேகமும் அதிகம்.

நிலமுடையோருக்கு

இரவில் மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போடவும், மடைமாற்றவும் ஆளை அனுப்புகிறவர் நிலமுடையவர். அந்த ஆள் தம் சொந்தச் சைக்கிளில் வருகிறார் என்பதனால் விளக்கும் அவர் பொறுப்பே என்று விட்டுவிடுவது முறையன்று. மருந்து தெளிக்கிறவருக்குக் கையுறையும் முகமூடியும் நாம் தரவேண்டுமென்று இலாகா வற்புறுத்துகிறது. அதே நியாயம் இதற்கும் பொருந்தும். விதை, உரம், கூலி என்று சாகுபடிக் கணக்கு எழுதும்போது, ஆளுக்கு ஒரு பின்விளக்கு என்று ஒரு வரி சேர்த்தால் ஏக்கர்ச் செலவில் அது தெரியவே தெரியாது. ஆள் படுத்துவிட்டால் வரும் நஷ்டமோ மகசூலில் தெரியும். அந்தக் குடும்பத்துக்கோ அது ஆயுள் முழுவதும் தெரியக்கூடும். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் மறக்கலாகாது. பள்ளிகளில் அரசாங்கம் தந்த சைக்கிளில் மாலை வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பும் மாணாக்கர் ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

கிராம அதிகாரிகளுக்கு

விளக்கு இருந்தும் விழுவதற்கு இடமான காரியங்கள் சில கிராமத்துக்குள்ளேயே நடக்கின்றன. சாலையில் நெல் காயவைத்து, சுற்றிலும் வைத்த கற்களை இரவிலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பொழுது சாயுமுன் கற்களை அகற்றுமாறு ஊரில் கட்டுப்பாடு செய்யவேண்டும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர்ப் பெட்டிகளில் தொங்கும் வைக்கோல் பின்விளக்கையும் வில்லையையும் மூடிவிடுகிறது. அதை ஒதுக்கிக் கட்டாமல் வண்டியைச் சாலைக்கு விடலாகாது. மாட்டுவண்டிகளின் பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை ஒட்டவேண்டும். கைப்பிடிச்சுவர் இடிந்த மதகுகளைச் செப்பனிடும்வரை அவற்றின் ஓரத்துக்குச் சுண்ணாம்பாவது அடித்துவைத்தால், வாய்க்காற்கரையில் வருபவருக்குப் பாதையின் விளிம்பு தெரியும். இவையெல்லாம் பெருஞ்செலவு வேண்டாத காரியங்கள். வருஷந்தோறும் அக்டோபர் 2-ந் தேதி கூடும் கிராமசபை, இருட்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே கூடுகிறது. அதில் இவ்விஷயத்தை ஒரு தீர்மானமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முடிவாக

சூரியன் மிக முந்தி மறையும் கார்த்திகை மாதத்திலேயே நாம் வாசல்தோறும், மாடந்தோறும், மாட்டுக்கொட்டில்தோறும், எருக்குழியிலுங்கூட அகல் ஏற்றிவைக்கிறோம். அவ்வளவு விளக்குக்கும் நடுவே, நம் வயலுக்கு நீர் பார்க்கச் செல்பவர் மாத்திரம் இருட்டில் போவது பொருத்தமாயில்லை. இந்த வருஷம் திருக்கார்த்திகைக்கு அகல் வாங்கும்போது, நம் ஆட்களின் சைக்கிளுக்குச் சிவப்பு விளக்கும் சேர்த்து வாங்கும்படி நிலமுடையோரைக் கேட்டுக்கொள்கிறேன். இனி என் செயல்விளக்கக் கூட்டங்களில் விதை நேர்த்திக்கும் இலை வண்ண அட்டைக்கும் பிறகு, இதைப் பற்றியும் ஐந்து நிமிஷம் பேசுவதென்று தீர்மானித்திருக்கிறேன்.