வெள்ளிக் கிண்ணம் யாருக்கு? ஜான் ஃபோர்டின் படங்களை முன்வைத்து

ஜான் ஃபோர்டு என்று பேச்செடுத்தாலே திரைப்பட ஆர்வலர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "அந்தக் காலத்தை வெச்சுப் பார்க்கணும் தோழர். அப்போ அமெரிக்காவுல எல்லாரும் அப்படித்தான் எடுத்தாங்க." அதற்கும் நாம் மசியாவிட்டால் இரண்டாவது பதில் வரும். "கடைசியில அவரே மனசு மாறி, கறுப்பினத்தவரை நாயகனா வெச்சு ஒரு படம், பூர்வகுடிகளுக்காக ஒரு படம்னு எடுத்தாரே, பார்த்தீங்களா?"

பார்த்தோம். வாசிப்பு வட்டத் தோழர்கள் கூடி, வாரம் ஒன்றாக அவருடைய படங்களைப் பார்த்து முடித்தோம். இரண்டு பதில்களையும் எங்களால் ஏற்க முடியவில்லை.

ஃபோர்டு 1894ல் மெய்ன் மாநிலத்தில் ஐரிஷ் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதை நான்கு முறை வாங்கியவர். இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. அந்த நான்கில் ஒன்றுகூட அவருடைய 'வெஸ்டர்ன்' படங்களுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது வெஸ்டர்ன்களுக்காகத்தான். குரோசாவா அவரைக் கொண்டாடினார், சத்யஜித் ரே கொண்டாடினார். அவர் திறமையில்லாதவர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. திறமையில்லாதவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

1939ல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரை வண்டியில் ஒன்பது பேர் பயணம் போகிறார்கள். அவர்களில் டல்லாஸ் என்ற பெண்ணைப் பாலியல் தொழில் செய்தவள் என்று ஊரின் ஒழுக்கக் காவலர்களான சீமாட்டிகள் விரட்டிவிடுகிறார்கள். லூசி ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி. வழியில் சாப்பிட உட்காரும்போது டல்லாஸ் அதே மேசையில் இருப்பதால் லூசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாட்ஃபீல்டு என்ற தென் மாநிலத்துக் கனவான் அவளை மேசையின் மறுகோடிக்கு அழைத்துப் போய்விடுகிறான். பிறகு வண்டியில் தாகம் எடுக்கிறது. ஹாட்ஃபீல்டு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து லூசிக்குத் தண்ணீர் ஊற்றித் தருகிறான். இன்னொரு பெண்ணுக்கு, என்று ரிங்கோ கேட்டதும் கிண்ணம் உள்ளே போய்விடுகிறது, தண்ணீர்க் குடுவை மட்டும் வருகிறது. டீக்கடையில் இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு சப்டைட்டில் வேண்டியதில்லை.

ஆக, இந்த மனிதருக்குத் தீண்டாமை தெரிந்திருக்கிறது. யார் எந்தப் பாத்திரத்தில் குடிக்கலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதில் சமூகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நுணுக்கமாகத் தெரிந்திருக்கிறது. படத்தில் திருடன் யார் என்றால் வங்கி முதலாளி. மனிதத்தன்மை மிகுந்தவர்கள் சிறையிலிருந்து தப்பிய கைதியும், குடிகார மருத்துவரும், விரட்டப்பட்ட பெண்ணும்தான். இதுவரை நாமும் கைதட்டலாம்.

அதே கண் வண்டியின் சன்னலுக்கு வெளியே திரும்பும்போது என்ன ஆகிறது? வண்டியைத் துரத்தும் அப்பாச்சிகளில் ஒருவருக்குக்கூட ஒரு வரி வசனம் கிடையாது. ஏன் துரத்துகிறார்கள், எந்த நிலத்தை இழந்தார்கள், எதுவும் கிடையாது. குதிரையிலிருந்து விழுவது மட்டும்தான் அவர்கள் வேலை. துப்பாக்கியில் கடைசித் தோட்டா இருக்கும்போது ஹாட்ஃபீல்டு அதை லூசியின் தலைக்குக் குறிவைக்கிறான். அப்பாச்சிகள் கையில் சிக்குவதைவிட அவள் சாவது மேல் என்பது கணக்கு. பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும் லூசிக்கு அது தெரியாது. அவன் சுடுவதற்குள் அவனே சுடப்பட்டு விழுகிறான். படம் இதை ஒரு கொலை முயற்சியாகக் காட்டவில்லை, கண்ணியமான ஒரு மனிதனின் கடைசிக் கடமையாகக் காட்டுகிறது. வண்டிக்குள் இருந்த சமூக விமர்சனம் அத்தனையும் வண்டியின் கதவோடு முடிந்துவிடுகிறது. ஃபோர்டின் மொத்தப் படைப்புக்கும் இதுதான் எல்லைக்கோடு என்பது எங்கள் வாதம்.

இனி, 'அந்தக் காலம்'. அப்பாச்சிகளாக நடித்தவர்கள் அப்பாச்சிகள் இல்லை, நவாஹோ மக்கள். அரிசோனா, யூட்டா எல்லையில் உள்ள மான்யுமென்ட் பள்ளத்தாக்கு அவர்களுடைய நிலம். 1864ல் அமெரிக்க ராணுவம் நவாஹோக்களை அவர்கள் மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்து நியூ மெக்சிகோவில் அடைத்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். 1930களில் மண் அரிப்பைக் காரணம் காட்டி அரசு அவர்களுடைய ஆடுகளைக் கட்டாயமாகக் குறைத்தது. பிழைப்பே ஆடுதான், அதுவும் போனது. அந்த நேரத்தில் சினிமாக் கூலி வந்து சேர்ந்தது. 1939 முதல் 1964 வரை ஏழு படங்களின் காட்சிகளை ஃபோர்டு அங்கே எடுத்தார். கூலி ஒழுங்காகக் கொடுத்தார், நவாஹோக்கள் அவருக்கு 'நடானி நெஸ்' என்று பெயர் சூட்டினார்கள் என்பதை ஆதரவாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இருக்கட்டும். பஞ்சத்தில் வேலை கொடுத்தவரை ஊர் மதிப்பது புதிதல்ல. கேமரா எந்தப் பக்கம் நின்றது என்ற கேள்விக்கு அது பதிலும் அல்ல.

அந்தக் காலத்தில் 'எல்லாரும்' அப்படித்தான் இருந்தார்களா? ஃபோர்டின் 'ஃபோர்ட் அப்பாச்சி' 1948ல் வந்தது. அதே 1948ல், ஃபோர்ட் மெக்டவல் குடியிருப்பைச் சேர்ந்த பூர்வகுடியினர் இருவர் வழக்காடி, அரிசோனாவில் தங்கள் மக்களுக்கு வாக்குரிமையை வாங்கினார்கள். யூட்டாவில் குடியிருப்புகளில் வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு வாக்குரிமையை மறுத்த சட்டம் 1957ல்தான் நீக்கப்பட்டது. 'தி சர்ச்சர்ஸ்' வெளியானது 1956ல். இன்னும் பின்னால் போவோம். 1915ல் கிரிஃபித்தின் 'பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் கூ கிளக்ஸ் கிளான் குதிரைவீரர்களில் ஒருவனாகத் தானும் ஓட்டியதாக ஃபோர்டே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தைத் தடை செய்யச் சொல்லி அதே ஆண்டில் கறுப்பின மக்கள் ஊர் ஊராகத் தெருவில் நின்றார்கள். அவர்களும் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள்தானே? 'அந்தக் காலத்தில் எல்லாரும்' என்று சொல்லும்போது யாரை 'எல்லாரும்' என்ற கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம் என்று யோசியுங்கள்.

'தி சர்ச்சர்ஸ்' பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால், சைட் அண்ட் சவுண்ட் இதழின் 2012 வாக்கெடுப்பில் உலகின் சிறந்த படங்களில் ஏழாவது இடம் பிடித்த படம் இது. ஆதரவாளர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடமும் இதுதான். கதை எளியது. கோமாஞ்சிகள் ஒரு குடும்பத்தைக் கொன்று சிறுமி டெபியைத் தூக்கிப் போகிறார்கள். அவளுடைய பெரியப்பா ஈத்தன், அதாவது ஜான் வெய்ன், ஆண்டுக்கணக்கில் தேடுகிறான். அவள் கோமாஞ்சி ஒருவனின் மனைவியாகிவிட்டாள் என்று தெரிந்ததும் மீட்பதற்காக அல்ல, கொல்வதற்காகத் தேடுகிறான். ஈத்தன் ஒரு இனவெறியன் என்று படமே சொல்கிறது, எனவே இது இனவெறிக்கு எதிரான படம் என்பது வாதம்.

பாதி உண்மை. ஈத்தனின் வெறியை ஃபோர்டு மறைக்கவில்லை. அந்த வெறி ஈத்தனோடு நிற்பதில்லை என்றும் காட்டுகிறார். கல்யாண உடையில் நிற்கும் லாரி என்ற அன்பான பெண், ஈத்தன் டெபியின் தலையில் ஒரு தோட்டாவை இறக்குவான், பெற்ற தாய் மார்த்தாவே அதைத்தான் விரும்பியிருப்பாள் என்கிறாள். நம் மொழியில் இதற்கு ஆணவக் கொலை என்று பெயர். கொல்பவன் ஒருவனாக இருக்கலாம், அதற்குச் சம்மதம் தருவது குடும்பமும் ஊரும். ஃபோர்டு எடுத்தவற்றில் மிக நேர்மையான நிமிடங்களில் இது ஒன்று என்பதை மறுக்க மாட்டோம்.

ஆனால் அதே படத்தில் 'லுக்' என்று ஒரு கோமாஞ்சிப் பெண் வருகிறாள். பண்டமாற்றில் நடந்த குழப்பத்தால் மார்ட்டினுக்கு மனைவியாகிவிட்டவள். இரவில் அவள் பக்கத்தில் வந்து படுக்கிறாள். மார்ட்டின் எட்டி உதைக்கிறான். அவள் சரிவில் உருண்டு விழுகிறாள், ஈத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பார்வையாளர்களும் சிரிக்க வேண்டும் என்றுதான் அந்தக் காட்சி எடுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வட்டத்தில் அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு ராணுவம் அழித்த கிராமத்தில் அவள் பிணமாகக் கிடக்கிறாள். இவளை ஏன் கொல்ல வேண்டும் என்று மார்ட்டின் ஒரு கேள்வி கேட்கிறான். அவ்வளவுதான், கதை நகர்ந்துவிடுகிறது. டெபிக்காக ஆண்டுக்கணக்கில் தேடல், லுக்குக்கு ஒரு உதையும் ஒரு கேள்வியும். இனவெறியைக் கண்டிக்கும் படம் என்றால் அந்த உதையை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னும் இருக்கிறது. கோமாஞ்சித் தலைவன் 'ஸ்கார்' தன் இரண்டு மகன்களை வெள்ளையர்கள் கொன்றதைச் சொல்கிறான். அந்தத் துயரத்துக்கு ஒரு வாக்கியம் கிடைக்கிறது, ஒரு காட்சி கிடைக்கவில்லை. அவனாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த வெள்ளையரான ஹென்றி பிராண்டன். இவர்கள்தான் என் மக்கள், நீ போய்விடு, என்று மார்ட்டினிடம் சொன்ன டெபி, சிறிது நேரம் கழித்து எந்த விளக்கமும் இல்லாமல் மனம் மாறி அவனோடு கிளம்பிவிடுகிறாள். நிஜ வரலாறு இப்படி இல்லை. 1836ல் டெக்சாஸில் கடத்தப்பட்ட சிந்தியா ஆன் பார்க்கர் கோமாஞ்சியாகவே வளர்ந்து, பிள்ளைகள் பெற்று வாழ்ந்தார். 1860ல் 'மீட்கப்பட்ட' பிறகு தன் மக்களிடம் திரும்பவே முயன்றார். அவர் மகன் குவானா பார்க்கர் கோமாஞ்சிகளின் தலைவரானார். சொல்லத் தகுந்த கதை அங்கே இருந்தது. ஃபோர்டுக்குத் தேவைப்பட்டது தேடிப் போனவனின் மனப்போராட்டம் மட்டும்.

கறுப்பின மக்கள் விஷயத்திலும் இதே கோடுதான். 'ஜட்ஜ் ப்ரீஸ்ட்' படத்துக்கு (1934) ஃபோர்டு எடுத்த, கும்பல் கொலைக்கு எதிரான காட்சியை ஸ்டூடியோ வெட்டியெறிந்தது. அவர் அதை மறக்காமல் 1953ல் 'தி சன் ஷைன்ஸ் பிரைட்' படத்தில் மறுபடி எடுத்தார். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரண்டு படங்களிலும் ஸ்டெப்பின் ஃபெச்சிட் அதே சோம்பேறி வேலைக்காரனாக இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். கும்பலைத் தடுப்பது இரண்டிலும் நல்ல வெள்ளை நீதிபதி. காப்பாற்றப்படுவது மட்டும்தான் கறுப்பினத்தவரின் பங்கு.

1960ல் 'சார்ஜென்ட் ரட்லெட்ஜ்'. வெள்ளைச் சிறுமியை வன்புணர்ந்து கொன்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினப் படைவீரராக வுடி ஸ்ட்ரோட் நடித்தார். கம்பீரம் என்றால் அப்படி ஒரு கம்பீரம். ஆனால் பெயர்ப்பட்டியலில் முதல் பெயர் அவருடையது இல்லை, அவருக்காக வாதாடும் வெள்ளை அதிகாரியாக நடித்த ஜெஃப்ரி ஹண்டருடையது. ரட்லெட்ஜ் நல்லவர் என்று படம் எப்படி நிரூபிக்கிறது? தப்பி ஓட வாய்ப்பு இருந்தும் திரும்பி வந்து, அப்பாச்சிகளின் பதுங்கலிலிருந்து தன் படையைக் காப்பாற்றுகிறார். ஒரு ஒடுக்கப்பட்டவர் மனிதராக ஏற்கப்பட இன்னொரு ஒடுக்கப்பட்டவரைச் சுட வேண்டியிருக்கிறது. இந்தப் பேரத்தை யார் விதித்தது என்று படம் கேட்கவே இல்லை. எங்களை மிகவும் தொந்தரவு செய்த படம் இதுதான்.

1964ல் 'ஷயான் ஆட்டம்', அதாவது ஷயான் மக்களின் இலையுதிர்காலம். தான் கஸ்டரைவிட அதிகமான பூர்வகுடிகளைக் கொன்றிருப்பதாக ஃபோர்டே ஒரு பேட்டியில் சொன்னார். அந்தக் கடனைத் தீர்க்க எடுத்த படமாம் இது. 1878ல் பட்டினி தாங்காமல், அடைத்து வைத்த இடத்திலிருந்து வடக்கே சொந்த மண்ணை நோக்கி நடந்த ஷயான் மக்களின் கதை. தலைவர்களாக நடித்தவர்கள் ரிக்கார்டோ மான்டல்பான், கில்பர்ட் ரோலண்ட். இருவரும் மெக்சிகோவில் பிறந்தவர்கள். கூட்டமாக நடந்தவர்கள் வழக்கம்போல நவாஹோக்கள். கதையை நமக்குச் சொல்பவர் ஒரு வெள்ளை ராணுவ அதிகாரி. நடுவில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வந்து சீட்டாடி நெடுநேரம் நகைச்சுவை செய்கிறார். ஷயான் மக்கள் பனியில் செத்துக்கொண்டிருக்கும் கதையில் அது எதற்கு என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. ஷயான் வசனம் பேச வேண்டிய இடங்களில் நவாஹோ நடிகர்கள் தங்கள் மொழியில் கேலியும் கெட்ட வார்த்தையும் பேசி வைத்தார்கள், நவாஹோ ஊர்களில் படம் ஓடியபோது அரங்கம் சிரித்தது என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. படத்தில் அவர்கள் தங்களுக்காகப் பேசிக்கொண்டது அது ஒன்றுதான் போலும்.

அப்படியானால் ஃபோர்டைப் பார்க்காதே என்கிறோமா? இல்லை. பார்க்க வேண்டும், குறிப்பாக நம் பிள்ளைகள். நம் பக்கம் நிற்பதாகச் சொல்லும் படங்கள் இன்று ஏராளமாக வருகின்றன. 'பரிவோடு எடுத்திருக்கிறார்' என்ற ஒரு வார்த்தையில் மயங்கிவிடாமல், யாருக்கு வசனம், யாருக்குப் பெயர், யார் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று எண்ணிப் பார்க்க ஃபோர்டைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1962ல் வந்த 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' படத்தில் வுடி ஸ்ட்ரோட் பாம்பி என்ற பணியாளாக வருகிறார். வகுப்பறையில் சுதந்திரப் பிரகடனத்தை ஒப்பிக்கும்போது, மனிதர் அனைவரும் சமம் என்ற வரி அவருக்கு மறந்துவிடுகிறது. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்று ஆசிரியர் ஆறுதல் சொல்கிறார். அடுத்த சில நொடிகளில் முதலாளியான ஜான் வெய்ன் உள்ளே வந்து, போய் வேலையைப் பார் என்று பாம்பியை விரட்டுகிறார். பிறகு ஊர் கூடித் தேர்தல் நடத்தும்போது பாம்பி வாசலுக்கு வெளியே. ஃபோர்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுக் கேமராவை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் 'தி சர்ச்சர்ஸ்' படத்தையும் 1998ல் வந்த 'ஸ்மோக் சிக்னல்ஸ்' படத்தையும் ஒரே நாளில் திரையிடுகிறோம். இரண்டாவது படத்தை எடுத்தவர் கிறிஸ் அயர், பூர்வகுடி இயக்குநர். அதில் இரண்டு பூர்வகுடி இளைஞர்கள் பேருந்தில் போகிறார்கள். அவர்கள் இருக்கையை இரண்டு வெள்ளையர்கள் பிடித்துக்கொண்டு எழ மறுக்கிறார்கள். வேறு இடம் தேடி உட்கார்ந்த இருவரும், ஜான் வெய்னின் பல்லை ஏன் எந்தப் படத்திலும் பார்க்க முடிவதில்லை என்று யோசித்து, அதையே பாட்டாகக் கட்டிப் பாடுகிறார்கள். வருகிற தோழர்கள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். முதல் படத்தில் லுக் எத்தனை நிமிடம் வருகிறாள் என்று எண்ண வேண்டும்.