அறியாமல் வாங்கியவரின் கதி

கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துப் பழைய செல்போன் ஒன்றை வாங்கி, சில மாத காலம் உபயோகித்து வந்த ஒருவரின் வீட்டு வாசலில் போலீஸார் வந்து நின்று, அது களவு போன பொருள் என்று சொல்லி எடுத்துச் செல்வார்களானால், பொருளும் பணமும் ஒருங்கே போவதோடு அக்கம்பக்கத்தாரிடையே அவருடைய மானமும் போய்விடுகிறது.

அவர் குற்றவாளி அல்லர். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்துடன் அதைப் பெறுகிறவரையும் வைத்துக்கொள்கிறவரையுமே பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு தண்டிக்கிறது. ரசீதும் இல்லாமல், பெட்டியும் இல்லாமல், பாதி விலைக்குத் தெருமுனையில் வாங்கியவர் "அறியேன்" என்று சாதிப்பது கடினமே. ஆயினும், நியாயமான கிரயம் கொடுத்துக் கடையில் ரசீது பெற்றவரைக் கள்வனோடு சேர்த்து எண்ணச் சட்டத்தில் இடமில்லை.

பொருள் மட்டும் அவருக்கு நிலைக்காது. உரிமையில்லாதவன் விற்றதை வாங்கியவருக்கு, எத்தனை கை மாறி வந்திருந்தாலும், உரிமை உண்டாகாது என்பது 1930-ம் வருஷத்திய சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு வகுத்துள்ள பொது விதி. பகிரங்கச் சந்தையில் நல்லெண்ணத்துடன் வாங்கியவருக்கே பொருள் சொந்தம் என்ற புராதன விதி இங்கிலாந்தில் 1995 வரை நீடித்தது. நமது சட்டம் அதை ஏற்காதது நியாயமே என்பது நமது அபிப்பிராயம். கடன் வாங்கி மகளுக்கு மடிக்கணினி வாங்கித் தந்த தகப்பனார், அது திருடு போய்த் திரும்பக் கிடைக்கும்போது, அதை ஏன் இழக்க வேண்டும்?

நாம் ஆட்சேபிப்பது, வாங்கியவருக்குள்ள பரிகாரத்தின் துர்ப்பலத்தையே. கொடுத்த கிரயத்தை விற்றவரிடம் திரும்பக் கேட்கும் பாத்தியதையை மேற்படி சட்டத்தின் 14-வது பிரிவு தருகிறது என்பது மெய்; ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்காகச் சிவில் நியாயஸ்தலத்தின் படியேறி வருஷக்கணக்கில் காத்திருக்க எத்தனை பேரால் இயலும்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 499-வது பிரிவோ, வாங்கியவருக்கு அதை விற்றவன் தண்டிக்கப்பட்டு, கைதானபோது அவனிடமிருந்து பணமும் கைப்பற்றப்பட்டிருந்தால் மாத்திரமே, அதிலிருந்து கிரயத்தைக் கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அவன் அதைச் செலவழித்திருந்தால் கதி என்ன?

விசாரிக்கும் வசதி படைத்தவர் பழைய பொருள் வியாபாரி. செல்போனில் *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இட்டு 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்தச் செல்போன் தடுக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். லாபத்தைப் பெறும் அவரே நஷ்டத்தையும் முதலில் தாங்குவதுதான் தர்மம். தம்மிடம் விற்க வருகிறவரின் அடையாளத்தையும் பொருளின் எண்ணையும் அவர் பதிவு செய்தாக வேண்டும் என்றும், போலீஸார் பொருளைக் கைப்பற்றியவுடன், தண்டனைக்குக் காத்திராமல், கிரயத்தை அவர் திருப்பித் தர வேண்டும் என்றும் சர்க்கார் சட்டம் இயற்ற வேண்டும்.

அதுவரையில், வாங்குகிறவர்கள் எண் குறித்த ரசீதில்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். களவுப் பொருள் என்று தெரிந்த கணமே அதைப் போலீஸாரிடம் ஒப்படைத்து, எழுத்து மூலம் அத்தாட்சி பெற்றுக்கொள்வார்களாக.