பாட்டியை வெட்டாதீர்கள், பிரதியை வெட்டுங்கள்

தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் அந்த டின் அலமாரியின் மேலிருந்து கீழே இறங்கும். பிஸ்கட் டின்னோ, மைலோ டின்னோ. உள்ளே பிறப்புப் பத்திரங்கள், பழைய சம்பளச் சீட்டுகள், நடுவில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுப் புகைப்படங்கள். அரை மணி நேரம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம், சிரிப்போம். பிறகு டின் மறுபடியும் மேலே போய்விடும். இந்த வாரம் அந்தக் கட்டிலிருந்து சில முகங்களைச் சுவருக்குக் கொண்டுவரும் வேலையைப் பார்ப்போம்.

வேலையின் பெயர் டெக்குபாஜ். வெட்டியெடுப்பது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. காகிதப் படங்களை வெட்டி, மரத்தின்மேல் ஒட்டி, மேலே பூச்சுக்கு மேல் பூச்சாக வார்னிஷ் பூசி, படம் மரத்திலேயே வரைந்ததுபோல் தோன்றச் செய்வதுதான் இதன் சூட்சுமம். 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் இதில் பேர் போனவர்கள். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த அரக்குப் பூச்சுச் சாமான்களுக்கு அப்போது ஐரோப்பாவில் ஏக கிராக்கி. அந்த விலை கொடுக்க முடியாதவர்களுக்காக அச்சுப் படங்களை ஒட்டி அதேபோல் மினுக்கிக் கொடுத்தார்கள். இத்தாலிய மொழியில் அதற்கு 'லக்கா போவெரா', அதாவது ஏழையின் அரக்கு என்று பெயர். இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற அம்மையார் 70 வயதைக் கடந்த பிறகு வண்ணக் காகிதங்களை வெட்டி மலர்ப் படங்கள் செய்ய ஆரம்பித்தார். அவர் செய்த ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான படங்கள் இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 'இந்த வயதில் எனக்கெதற்குக் கத்திரிக்கோல்' என்று சொல்லும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரே ஒரு கட்டாய விதி: டின்னில் இருக்கும் அசல் படத்தைத் தொடக்கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் நிற்பது ஜெலட்டின் படலத்தில். ஈரப் பசை பட்டால் அது ஊறி உப்பிவிடும், மேலே பூசிய வார்னிஷைப் பிறகு எடுக்கவும் முடியாது. நெகட்டிவ் தோட்டத்து வீட்டோடு போயிருக்கும், படம் எடுத்த ஸ்டூடியோவும் மூடியிருக்கும். அந்த ஒரு பிரதிதான் உலகத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் ஸ்கேன், 600 டிபிஐ அளவில். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் ஓரமாக, நேர் வெயில் படாத இடத்தில் படத்தை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் எடுத்தாலும் போதும். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, தாத்தாவின் கோணல் கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடியுங்கள். 70, 80களின் வண்ணப் படங்கள் சிவந்துபோயிருந்தால், கைப்பேசிச் செயலியிலேயே நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம். மற்றப் படங்களோடு பொருந்திப்போகும்.

அச்செடுக்க போட்டோஸ்டாட் கடைக்குப் போய், சாதாரண 80 கிராம் தாளில் லேசர் பிரிண்ட் கேளுங்கள். பளபளக்கும் போட்டோ தாள் வேண்டாம், தடிமனாக இருப்பதால் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். வீட்டு இங்க்ஜெட் அச்சில் பெரும்பாலும் மை ஈரத்தில் கரையும். சந்தேகம் இருந்தால் விரலை நனைத்து ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு மூன்று அளவுகளில் எடுத்துவைப்பது நல்லது.

சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேலைப்பாடு எதுவும் இல்லாத, தட்டையான மரச் சட்டமாகப் பாருங்கள். ஓரம் 5 முதல் 7 சென்டிமீட்டர் அகலம் இருந்தால்தான் முகங்கள் முகங்களாகத் தெரியும். நடுவில் வைக்கும் பெரிய படத்தை வெட்டாமல் முழுதாக விடுங்கள். ஓரத்தில் ஒட்டுவதெல்லாம் முகமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு சேலைக் கரை, லயத்து வீட்டுப் படிக்கட்டு, சைக்கிளின் கைப்பிடி, ஊரிலிருந்து வந்த கடித உறையின் தபால்தலை, 'ரஜூலா' கப்பல் டிக்கெட் இருந்தால் அதன் நகல், இவையெல்லாம் சேரும்போதுதான் சட்டத்துக்கு உயிர் வருகிறது. அடையாள அட்டையின் நகலை ஒட்ட நினைத்தால் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.

கத்திரிக்கோலை எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. மற்ற வேலைகள் எல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. வெட்டாத அச்சுகளை வீட்டில் மூத்தவர் முன்னால் பரப்பி, யார் யார் என்று கேளுங்கள். திருமணப் படத்தில் ஓரமாக நிற்கும் அரைக்கால் சட்டைப் பையனின் பெயர் அவருக்கு மட்டும்தான் தெரியும். நாம் பிறந்து வளர்ந்த தோட்டங்களில் பல துண்டாடப்பட்டுவிட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. படத்தில் தெரியும் அந்தக் கோயில், அந்த ஆயக்கொட்டகை எங்கே இருந்தது என்று சொல்லவும் அவர்தான் வேண்டும். கைப்பேசியில் குரலைப் பதிவுசெய்துகொண்டே கேளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். ஒரு பெயருக்கு நான்கு கதை வரும், அதில் இரண்டு முன்னுக்குப் பின் முரணாக இருக்கும். இருக்கட்டும்.

அப்போதுதான் சிக்கலான கேள்விகளும் வரும். இறந்தவர்கள் படத்தோடு உயிரோடு இருப்பவர்களை ஒட்டலாமா? பல வீடுகளில் பெரியவர்களுக்கு அது பிடிக்காது. பிடிக்காததைச் செய்துவிட்டு, தினம் அவர் கண்ணில் படும்படி மாட்டுவதில் என்ன மகிழ்ச்சி? இரண்டு சட்டங்கள் செய்துவிடலாம். அடுத்தது, நிலத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பா. கூட்டுப் படத்திலிருந்து ஒருவரை மட்டும் கத்தரித்து விடுவது டெக்குபாஜில் மிகச் சுலபம், கை ஊறும். என் கருத்து, விடவேண்டாம் என்பதே. சட்டத்தைப் பார்க்கும் உறவினர்கள் இருப்பவர்களை எண்ண மாட்டார்கள், இல்லாதவரைத்தான் முதலில் தேடுவார்கள். பிறகு வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சண்டையை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். சீனக் குடும்பத்திலிருந்து கைக்குழந்தையாக வந்து நம் வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்த அத்தைகள் பல குடும்பங்களில் உண்டு. முதல் தாரத்துப் பிள்ளைகளும் உண்டு. ஓரமாக நிற்கிறார்கள் என்பதற்காக இவர்கள் விடுபட்டுப்போவதுதான் வழக்கம். வேண்டுமென்று செய்வதில்லை, அளவு பார்த்து வெட்டும்போது அப்படி ஆகிவிடுகிறது. அவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மற்றவர்களை அடுக்குங்கள்.

இனி கைவேலை. அது ஒரு மாலையில் முடிந்துவிடும். கண்ணாடியையும் பின் அட்டையையும் கழற்றிவிட்டு, மரத்தை 240 எண் உப்புத்தாளால் தேய்த்து, வெளிர் நிற அக்ரிலிக் வண்ணம் பூசிக் காயவிடுங்கள். துண்டுகளைப் பசையில்லாமல் அடுக்கிப் பார்த்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றில் எல்லாம் பறந்தபின் எது எங்கே இருந்தது என்று நினைவிருக்காது. ஓரங்களைக் கத்திரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். ஆனால் முகத்துக்கு அருகில் மட்டும் சின்னக் கத்திரிக்கோல்தான்.

வெள்ளைப் பசையில் சிறிது தண்ணீர் கலந்து, மரத்திலும் தாளின் பின்புறத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவினால் காற்று வெளியேறும். சின்னச் சின்னக் குமிழ்கள் இருந்தால் பதறவேண்டாம், காயும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காததை ஊசியால் குத்தி அழுத்தலாம். இரவு முழுக்கக் காய்ந்தபின் தண்ணீர்க் கலப்பு வார்னிஷ், மூன்று நான்கு பூச்சு. டப்பாவில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது போதாது. பூச்சுக்கு ஓர் இரவு கொடுங்கள். மழை விடாமல் பெய்யும் வாரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், பிசுபிசுப்பு போகாது.

சட்டத்தின் பின்புறம் ஓர் உறை ஒட்டி, அதில் பெயர்ப் பட்டியலை வையுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்தத் தோட்டம், சொன்னவர் யார், அசல் படங்கள் எந்த டின்னில். வெயில் விழாத, குளியலறையை ஒட்டாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். உட்கார்ந்து பார்க்கும் பெரியவர் இருக்கும் வீடென்றால், வழக்கத்தைவிட அரையடி கீழே.