பெட்ரோல் நிலையம் போன பிறகு

2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். 2040க்குள் சாலையில் உள்ள மற்ற வாகனங்களும் மாறிவிட வேண்டும் என்பது இலக்கு. மின்சாரக் கார் வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று நண்பர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் யோசனை வேறு பக்கம் போகிறது. இத்தனை பெட்ரோல் நிலையங்கள் நிற்கும் மூலை மனைகள் எல்லாம் என்ன ஆகும்?

அதிலும் பழைய வட்டாரங்களில் உள்ளவை. லிட்டில் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1989ல் அது பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளின் சன்னலும் தூணும் ஐந்தடி நடைபாதையும் தப்பின. உட்காரத்தான் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள். புல் தெரிகிற இடத்திலெல்லாம் பிளாஸ்டிக் பையை விரித்து வெளிநாட்டு ஊழியர்கள் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு பெட்ரோல் நிலையம் மூடப்பட்டால் அந்த இடம் பூங்காவாக வேண்டும் என்பது என் கட்சி.

“நிலம் விற்கிற விலையில் பூங்காவா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய தடையாகத் தெரிவது தரைக்கு அடியில் இருக்கிறது.

பெட்ரோல் நிலையத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது கூரையும் பம்பும். கீழே ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் தொட்டிகள் புதைந்திருக்கின்றன. பழைய இரும்புத் தொட்டி துருப்பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் மேலே யாருக்கும் தெரியாது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. அதனால் நிலத்தடி நீரின்மேல் மிதந்தபடி நகரும். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் சேர்ந்திருக்கும். லிட்டில் இந்தியா ஓரமாக ஓடும் ரோச்சோர் கால்வாய் கடைசியில் மரினா நீர்த்தேக்கத்தில்தான் கலக்கிறது. 2008ல் மரினா அணைக்கட்டு திறந்தபிறகு அது நம் குடிநீர். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழைநீர் அங்கே போய்ச் சேர்கிறது.

மண்ணைச் சுத்தம் செய்ய வழிகள் உண்டு. கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண் போடலாம். குழாய் இறக்கி ஆவியை உறிஞ்சலாம். பெட்ரோலைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்றும் சத்தும் கொடுத்து, அவற்றையே வேலை செய்ய விடலாம். கடைசி வழி மலிவு, ஆனால் பொறுமை வேண்டும்.

எவ்வளவு பொறுமை என்பதற்கு நம் ஊரிலேயே காலாங் இருக்கிறது. அங்கே எரிவாயு ஆலை கட்டப்பட்டது 1862ல். 1864ல் அதன் வாயுவில் சிங்கப்பூரின் தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. ஹொக்கியன் பேசுபவர்கள் அந்த இடத்தை நெருப்பு நகரம் என்றார்கள். (அருகிலுள்ள லாவண்டர் ஸ்திரீட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே கிண்டலாகத்தான். ஆலை வருவதற்கு முன்பே காய்கறித் தோட்டங்களுக்குப் போட்ட மலஉரத்தால் அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.) என் மாமா ஒருவர் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் வாடை போகாது என்று அத்தை புலம்புவார்.

1998ல் ஆலை மூடப்பட்டது. எரிவாயுக் கலத்தின் மிச்ச இரும்பில் செய்த ஒரு சிற்பம் காலாங் ரிவர்சைட் பூங்காவில் நிற்கிறது. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பக்கத்தில் கம்போங் பூகிஸில் வீடு கட்டுவதென்றால் இன்னமும் முதலில் மண்ணைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

சுத்தம் செய்யக் காத்திருக்கும் ஆண்டுகளில் என்ன செய்வது? கனடாவின் வேன்கூவர் நகரில் டேவி, பரார்ட் சாலைகள் சந்திக்கும் மூலையில் இருந்த பெட்ரோல் நிலையம் போனபின் அக்கம்பக்கத்தினர் செடி வளர்க்கும் தோட்டமானது. நில உரிமையாளருக்கும் சொத்து வரி குறைந்தது. கட்டடம் கட்ட வேளை வந்தால் தோட்டம் போய்விடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த ஏற்பாட்டில் பாதிதான் பிடித்திருக்கிறது. தொட்டிச் செடிகளோடு உடனே திறந்துவிடலாம் என்பது நல்லது. ஆனால் நான்கு வருடம் நிழலில் உட்கார்ந்து பழகியவர்களை எழுப்பி அனுப்புவது சரியில்லை. பூங்கா என்று முடிவெடுத்தால் அதை நகரத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்று. தொட்டிகளைத் தோண்டி எடுங்கள், பம்புகளைக் கழற்றிக்கொண்டு போங்கள், அந்தக் கூரையை மட்டும் விட்டுவையுங்கள். நட்ட மரம் நிழல் தரப் பத்து வருடமாவது ஆகும். சாயங்கால மழை அதுவரை காத்திருக்காது. கூரைக்குக் கீழே நாலு பெஞ்சு, ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிவறை இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆட்கள் வந்துவிடுவார்கள்.