பசுமை முத்திரையும் சி வகுப்பு வார்டின் வெக்கையும்

அரசாங்க மருத்துவமனைக்கு உறவினரைப் பார்க்கப் போனவர்களுக்குப் பழக்கமான வித்தியாசம் இது. ஏ வகுப்பு வார்டின் கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் படும். பி2, சி வகுப்பு வார்டுகளில் பொதுவாகக் குளிரூட்டி இல்லை. மின்விசிறியும் திறந்த சன்னல்களும்தான். மருத்துவமனைக் கட்டடங்களுக்குப் பசுமைச் சான்றிதழ் வழங்கும்போது, இந்த மின்விசிறி வார்டுகளுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கட்டட, கட்டுமான ஆணையம் பசுமை முத்திரைத் திட்டத்தை 2005ல் தொடங்கியது. மற்ற கட்டடங்களைப் போல மருத்துவமனையை மதிப்பிட முடியாது. அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் குளிரூட்டியை அணைத்துவிடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அது நடக்காது. அறுவை சிகிச்சை அறையின் காற்றை மணிக்குப் பல முறை மாற்றவேண்டும். அங்கெல்லாம் மின்சாரத்தைக் குறைக்க ஓரளவுதான் இடமுண்டு. எனவே வார்டுகள், நடைபாதைகள், காத்திருக்கும் இடங்கள் ஆகியவற்றின்மீது கட்டடக் கலைஞர்களின் பார்வை திரும்புகிறது.

இதை நன்றாகச் செய்துகாட்டியது 2010ல் திறக்கப்பட்ட ஈசூனின் கூ டெக் புவாட் மருத்துவமனை. வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட உலோகத் தகடுகள் வீசும் காற்றை வார்டுக்குள் திருப்பிவிடுகின்றன. பக்கத்தில் உள்ள ஈசூன் குளத்தை நோக்கிக் கட்டடம் திறந்திருக்கிறது. மாடியில் காய்கறித் தோட்டமும் உண்டு. ஜூரோங்கில் 2015ல் திறக்கப்பட்ட இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனையில், பலர் சேர்ந்து தங்கும் வார்டிலும் நோயாளி ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு சன்னல் இருக்கும்படி வார்டுகளை விசிறி வடிவில் அமைத்தார்கள். இரண்டு மருத்துவமனைகளும் பிளாட்டினம் தரச் சான்றிதழ் பெற்றவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சி வகுப்பு வார்டுக்குக் குளிரூட்டி வைக்காதது சுற்றுச்சூழலை நினைத்து அல்ல. கட்டணம் குறைவு, மானியம் அதிகம், அதனால் வசதி குறைவு என்பதே பழைய கணக்கு. இன்று அதே ஏற்பாடு எரிசக்திச் சேமிப்பாகவும் எண்ணப்படுகிறது. அதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. சன்னல் வழியே தாராளமாக வரும் காற்று கிருமிகளின் அடர்த்தியைக் குறைக்கும் என்பதால், இயற்கைக் காற்றோட்டம் குறித்து உலகச் சுகாதார நிறுவனமே 2009ல் வழிகாட்டி வெளியிட்டது.

ஆனால் வெளியே வீசும் காற்று மாறிவருகிறது. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983க்குப் பிறகு அவ்வளவு வெப்பம் அதுவே முதன்முறை. 2024ல் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, நூற்றாண்டின் இறுதிக்குள் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரிவரை உயரலாம் என்கிறது. இன்னொரு சிக்கல் புகைமூட்டம். 2013 ஜூனில் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டபோது, திறந்த சன்னலே தொல்லையாகிவிட்டது.

இந்த வார்டுகளில் படுத்திருப்போரில் முதியவர்கள் ஏராளம். வயதான உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் திறனை இழந்துகொண்டிருக்கும். இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் உட்கொள்ளும் சில மருந்துகள் அந்தத் திறனை மேலும் குறைக்கும். வெக்கை தாங்காவிட்டால் குளிரூட்டி வார்டுக்கு மாறலாம்தான். ஆனால் கட்டணம் கூடும். சி வகுப்பைத் தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கு அது எளிதன்று.

இதற்கிடையே எரிசக்தியைக் குறைக்கும் நெருக்குதல் வலுக்கிறது. 2030க்குள் கட்டடங்களில் 80 விழுக்காட்டைப் பசுமையாக்குவது தேசிய இலக்கு. அதிக எரிசக்தியை விழுங்கும் பெரிய கட்டடங்கள் பயன்பாட்டை 10 விழுக்காடு குறைக்கவேண்டும் என்ற விதிமுறை 2025ல் நடப்புக்கு வந்தது. சுகாதாரக் கட்டடங்களும் அதில் அடங்கும்.

அந்த 10 விழுக்காட்டை எங்கே தேடுவது என்பதுதான் கேள்வி. பழைய குளிர்விப்பு இயந்திரங்களை மாற்றலாம். ஆள் இல்லாத இரவு நேரத்தில் அறுவை சிகிச்சை அறைக்குள் செலுத்தும் காற்றின் அளவைக் குறைக்கலாம். பணமும் பொறியாளர் உழைப்பும் தேவைப்படும் வேலைகள் இவை. மின்விசிறி வார்டை அப்படியே விட்டுவிடுவது செலவில்லாத வழி, ஆகவே ஆசைகாட்டும் வழியும்கூட.

பசுமை முத்திரையின் 2021ஆம் ஆண்டு விதிகளில் உடல்நலம், மீள்திறன் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. மே மாதப் பிற்பகல் இரண்டு மணிக்கு சி வகுப்புக் கட்டிலருகே எத்தனை டிகிரி, எவ்வளவு காற்று என்று அளந்து, மருத்துவமனையின் மின்சாரக் கணக்கோடு சேர்த்து வெளியிட அங்கே இடம் இருக்கிறது. அளக்கத் தேவையான கருவி சில வெள்ளிக்குக் கடையில் கிடைக்கும்.