நயாகராவில் நினைவுக்கு வந்த ஒலுவில் மணல்

சென்ற கோடையில் ஒரு வாரம் ரொறன்ரோவில் தங்கியிருந்தேன். திரும்பி வந்த நாள் முதல், பயணக் கட்டுரை எங்கே என்று கல்முனை நண்பர்கள் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் பேனா ஒலுவிலுக்கு ஓடுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நகரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1976இல் திறக்கப்பட்ட, 553 மீற்றர் உயரமான சி.என். கோபுரத்தில் எல்லோரையும் போல நானும் ஏறினேன். ஸ்காபரோவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைக் கண்டு எல்லோரையும் போல மகிழ்ந்தேன். (கொத்துரொட்டி நம்மூர்க் கடைகளுக்கு நிகரில்லை.) என்னைக் கவர்ந்தது அங்குள்ள ஏரிக்கரைதான். ஸ்காபரோவில் சுமார் 15 கிலோமீற்றர் நீளத்துக்கு மண்பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. அலைகள் அவற்றை அரிக்க, நீரோட்டம் அந்த மணலை மேற்கே கொண்டுசென்று குவித்தது. ரொறன்ரோ தீவுகள் அவ்வாறு உருவானவையே. 1858இல் ஒரு புயல் அறுத்துவிடும்வரை அது தீவன்று. கரையோடு ஒட்டிக்கிடந்த மணல்திட்டு. மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை, கரையோரமாக நடந்துகொண்டேயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் தங்கையின் மகன் என்னை நயாகராவுக்கு அழைத்துச் சென்றான். குதிரைலாட வடிவ நீர்வீழ்ச்சியின் உயரம் சுமார் 57 மீற்றர். முழக்கத்தையும் சாரலையும் வருணிக்க மாட்டேன், வருணித்தவர்கள் ஏராளம். பொழுது சாயும் வேளையில் மருமகன் சொன்ன ஒரு செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

"மாமா, ராவையில இந்தத் தண்ணியப் பாதியாக் குறைச்சிருவாங்க."

வேடிக்கை பேசுகிறான் என்றே நினைத்தேன். உண்மைதான். 1950இல் கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சுற்றுலாக் காலப் பகல்வேளையில் விநாடிக்குக் குறைந்தது 2,832 கன மீற்றர் நீர் அருவியில் விழவேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். மிகுதி மின் நிலையங்களுக்குச் செல்கிறது. இதனால் மற்றொரு பயனும் உண்டு. கடந்த 12,000 ஆண்டுகளில் அருவி பாறையை அரித்து அரித்துச் சுமார் 11 கிலோமீற்றர் பின்வாங்கியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு மீற்றரளவில் இருந்த அந்த அரிப்பு, நீரைத் திருப்பியதாலும் விளிம்பில் செய்த திருத்த வேலைகளாலும் இப்போது மூன்றிலொரு பங்காகக் குறைந்துள்ளது.

அங்கே மனிதன் கைவைத்ததால் அரிப்புக் குறைந்தது. ஒலுவிலில் கைவைத்ததால் அரிப்புப் பிறந்தது.

ஒலுவில் துறைமுகம் மறைந்த தலைவர் அஷ்ரப் கண்ட கனவு. டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் வரவில்லை. நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வாயிலும் தூர்ந்தது, படகுகள் வெளியேற வழியின்றி நின்றன. வடக்கே கரை கரைந்து, தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலைத் தொழிலாளர் வலை இழுக்க இடமிழந்தனர். பாறாங்கற்களை அடுக்கினால் அந்த இடம் தப்பும். அரிப்பு அதற்கு வடக்கே நகரும். நிந்தவூர் மக்கள் இன்று அதைத்தான் அனுபவிக்கிறார்கள்.

இதில் எனக்கும் பங்குண்டு. கட்டுமானம் நடந்த காலத்தில் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். கரைவலைக்காரர் ஒருவர், வயதில் மூத்தவர், "தம்பி, இந்தக் கல்லப் போட்டா மண் எங்கால போற?" என்று கேட்டார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கட்டுரையில் சேர்க்கவில்லை. ஊருக்கு வரும் துறைமுகத்தைப் பற்றிக் குறை எழுதினால் சமூகத்துரோகி என்ற பெயர் வரும் என்ற அச்சம். பொறியியலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாறாக, வேலைவாய்ப்பைப் பற்றி மூன்று பந்தி எழுதினேன்.

அதனால் இப்போது எழுதுகிறேன். துறைமுகத்தை இடித்துவிடுங்கள் என்பது என் வாதமன்று; மீனவருக்கு அது தேவை. ஆனால் வாயிலில் தோண்டும் மணல் வடக்கேயுள்ள கரைக்கே போய்ச்சேர வேண்டும். தேர்தலுக்கொருமுறை வந்துபோகும் இயந்திரத்தால் இது ஆகாது. சுவர் நிற்கும் காலமெல்லாம், ஆண்டுதோறும், நிதி ஒதுக்கிச் செய்யவேண்டிய வேலை. உலகில் பல துறைமுகங்கள் இப்படித்தான் மணலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்துகின்றன. தோண்டிய மணல் எத்தனை கன மீற்றர், எங்கே கொட்டப்பட்டது என்பதைப் பொதுமக்கள் அறிய வெளியிடவும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் எழுதி விண்ணப்பம் தயாரித்துள்ளேன். அடுத்த வாரம் அனுப்புகிறேன். பதில் வந்தால் முழுமையாகப் பிரசுரிப்பேன். வராவிட்டால் அதையும் எழுதுவேன்.